வெறும் கூடையின் எடை

1997 ஜூன் 16, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். காலை ஆறு மணிக்குப் பிடித்த மழை பதினொன்றரைக்கு விட்டு, றக்வானப் பக்கத்து மலையெல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், நாற்பத்தொரு பெண்களும் ஒரு கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு வெறும் கூடையைத் தராசில் தொங்கவிட்டேன்.

நான் கொழுந்து பறிப்பவன் அல்லன், தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்க்கும் டிஸ்பென்சர். டிஸ்பென்சருக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எந்த வேலையும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் போனேன் என்று தோட்டத்து மேலாளரான பெரிய துரை கேட்டார், தொழிற்சங்கத் தலைவர் கேட்டார், என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். யாருக்கும் நான் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. இப்போது எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி.

நான் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. தம்பி நல்ல பையன், கணினி தெரிந்தவன். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, ஒரு ஆளுக்கு சிபிலிசுக்கு ஊசி போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. இப்ப திரும்ப ரத்தம் பாத்தா பொசிட்டிவ்னு வந்திருக்கு. மறுபடி ஊசி போடவா?" என்று கேட்டான். நான் உடனே மூன்று கேள்வி கேட்டேன். எந்தப் பரிசோதனை? எத்தனையிலிருந்து எத்தனை? என்றைக்கு எடுத்தது? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. தூக்கம் வராத வேளையில் எழுதியதுதான் இது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்றவில்லை.

அந்த மூன்று கேள்வியும் என்னுடையவை அல்ல, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பாலியல் நோய்களைப் பார்க்கும் டொக்டர் அம்மாவுடையவை. டிஸ்பென்சர் பயிற்சி எனக்கு இரண்டு வருடம். அதில் இந்த நோயின் இரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம், அதிலும் அரை மணி நேரம் மின்சாரம் இல்லை. மிச்சத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். சிங்களப் பெண்மணி. தமிழைத் தோட்டத்து நோயாளிகளிடமே கற்றுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எடுப்பதுபோல் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். யாராவது "பொசிட்டிவ்" என்று மட்டும் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார். எந்தப் பரிசோதனையில் பொசிட்டிவ் என்று நாம் சொல்லி முடிக்கும்வரை விசிறியிலிருந்து கண் இறங்காது. முதல் தடவை நான் அது தெரியாமல், விசிறியில் ஏதோ பழுது என்று நினைத்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய அறைக்குப் பக்கத்து அறை கண் சிகிச்சைப் பிரிவு. அதனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் கண் காட்டப் போகிறவர்கள்தான். கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். நிஜமாகவே கண் நோய் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் பல் காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

இந்த விவகாரத்துக்குரியவன் தர்மலிங்கம். தேயிலைப் பெட்டி ஏற்றிக் கொழும்புக்குப் போகும் லொறியில் கிளீனர். அவன் மனைவி செல்வராணி, கீழ்ப் பிரிவில் பெயர் வாங்கிய கொழுந்துக்காரி. 1995 டிசம்பரில் அவள் மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது வழக்கமான இரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்தது. பிறகு அவனையும் பார்த்தோம். இரத்தத்தில் வந்த எண் அவளுக்குப் பதினாறு, அவனுக்கு முப்பத்திரண்டு. ஜனவரியில் இருவருக்கும் வாரம் ஒன்றாக மூன்று வாரம் பெனிசிலின் ஊசி, இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும். மூன்று வாரமும் தர்மலிங்கம் இரத்தினபுரியிலிருந்து உட்காராமல் நின்றுகொண்டே வந்தான். இருக்கை காலியாக இருந்தும் நிற்கிறானே என்று கேட்டவர்களுக்கு, "கண்ணு நோவுங்க" என்றான். ஜூனில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம், நோய் இல்லை. அதுவரை எல்லாம் சரி.

ஜூலையில் முதல் மறுபரிசோதனை. முடிவை எடுத்துக்கொண்டு தர்மலிங்கம் என் மருந்துச்சாலைக்கு வந்து வாசலில் நின்று கண்ணைத் துடைத்தான். கண் நோய் உண்மையாகவே வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஐயா, எட்டுக்கு எறங்கிட்டேங்க."

"நல்லதுதானே தர்மலிங்கம்."

"என்னங்க ஐயா நல்லது? முப்பத்திரண்டு இருந்திச்சு. மூணு வாரம் ஒழுங்கா ஊசி குத்திக்கிட்டேன். சாராயத்தத் தொடல. இப்ப வெறும் எட்டுன்னு போட்டு அனுப்பியிருக்காங்க. எட்டுக்கு அரைப் பேருகூட வராதுங்களே."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. தோட்டத்தில் அன்றைக்கு விதித்த கிலோவைப் பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அவன் தாய், தங்கை, மனைவி மூவரும் கொழுந்துக்காரிகள். எண் இறங்கிய நாளெல்லாம் வீட்டில் சண்டை என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன். முப்பத்திரண்டிலிருந்து எட்டுக்கு இறங்குவது நல்ல செய்தி என்று எழுதிக் கொடுத்தாலும் அவன் உடம்பு நம்பாது.

அடுத்த தடவை டொக்டர் அம்மாவிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன்னுடைய பாலில்லாத பிளேன்டீயை முன்னால் இழுத்து வைத்தார். ஆறு சின்னக் கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக வைத்தார். முதல் கோப்பையில் தேநீரை அப்படியே ஊற்றினார். இரண்டாவதில் தேநீர் பாதி, தண்ணீர் பாதி. இரண்டாவதிலிருந்து பாதியை எடுத்து மூன்றாவதில் விட்டு, அதே அளவு தண்ணீர் சேர்த்தார். இப்படியே ஆறாவது வரைக்கும். ஒவ்வொரு கோப்பைக்கும் சாயம் பாதி பாதியாகக் குறைந்தது.

"ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு," என்று விரலால் தொட்டுக் காட்டினார். "உங்க ரத்தத்தில தண்ணி இப்பிடிக் கலக்கிறது. எந்தக் கோப்பை வரைக்கும் சாயம் தெரியிறதோ அதுதான் நம்பர். முன்னால கடைசிக் கோப்பை வரைக்கும் சாயம் இருந்தது. இப்ப எட்டு வரைக்கும்தான். சாயம் குறைஞ்சது, நோய் அடங்கினது. ரெண்டு படி இறங்கினா மருந்து வேலை செஞ்சது. ஹரியா?"

தர்மலிங்கம் கடைசிக் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

"சாயமே இல்லீங்க," என்றான். "சீனியும் இல்ல."

டொக்டர் அம்மா காலிக் கோப்பையை வாங்கி வரிசையில் வைத்தார். "இப்ப நீங்க குடிச்சது உங்க ரத்தம்," என்றார்.

அதன் பிறகு என்னைப் பார்த்து இரண்டு விஷயம் சொன்னார். எண் வரும் பரிசோதனை இது, வி.டி.ஆர்.எல். இன்னொன்று இருக்கிறது, டி.பி.எச்.ஏ. அது குழந்தைக்கு ஊசி போட்ட கைத்தழும்பு மாதிரி. நோய் போனாலும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பொசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்து யாருக்கும் மறுபடி ஊசி குத்தக்கூடாது. இரண்டாவது விஷயம்: எண் ஒரு படி ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு அர்த்தமில்லை, சோதிக்கும் கையும் நாளும் மாறினால் ஒரு படி ஆடும். இரண்டு படி ஏறினால்தான் கவலை. "ஒரு படி ஏறினா நிதானமா அனுப்பு. ரெண்டு படி ஏறினா அன்னைக்கே அனுப்பு," என்றார். இந்த இரண்டையும் நான் சட்டைப்பையில் எழுதி வைத்திருந்தால் போதாது, செல்வராணிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

1997 ஜனவரியில் செல்வராணிக்கு எண்ணே இல்லை, நோயின் அடையாளம் தெரியவில்லை என்று வந்துவிட்டது. தர்மலிங்கத்துக்கு நான்கு. ஏப்ரலில் அவனுக்கு எட்டு. ஒரு படி. டொக்டர் அம்மா அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்து, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு, புதிதாக ஒன்றுமில்லை என்றார். மே கடைசியில் மறுபடி நான்கு. மருத்துவத்தில் கதை அத்தோடு முடிந்தது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் முடியவில்லை. ஏப்ரலில் எட்டு என்று கேள்விப்பட்ட அன்று மாலையே செல்வராணி பிள்ளையையும் இரண்டு சட்டியையும் எடுத்துக்கொண்டு கீழ் லயத்திலிருந்த தாயின் ஒற்றையறைக் காம்பராவுக்குப் போய்விட்டாள்.

தர்மலிங்கம் என் காலைப் பிடிக்காத குறை. "ஐயா, நீங்களே போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. என் நம்பரு, என் ஊசி, எதையும் மறைக்க வேணாம். நான் சொன்னா சட்டிதான் பறக்குது." அவன் சம்மதம் சொன்னபிறகுதான் போனேன். பதினொரு மாதப் பிள்ளை நடை பழகிய கதையை அவன் அடுத்த லயத்தார் சொல்லிக் கேட்டான். எனக்கு அது தாங்கவில்லை. பன்னிரண்டாம் மாதத்தில்தான் நடக்கும் என்று நான் கணித்திருந்தேன்.

செல்வராணி என்னை உட்காரச் சொன்னாள். பேச விடவில்லை.

"ஐயா, நான் கேக்குறேன். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஊசி. ஒரே மருந்து, ஒரே கை. எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சு. அவருக்கு நாலு நிக்குது. நடுவுல எட்டாவும் ஆகுது. மிச்ச நாலு எங்கேயிருந்துங்க வருது? லொறி எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"சில பேருக்கு அந்த எண் முழுசா போகாதும்மா. கொஞ்சம் தங்கிடும். அது நோய் இல்ல. நோய் இருந்த அடையாளம்."

"அவருக்கு மட்டும் தங்குமா? நல்லாத்தான் பாத்து தங்குது. பூச்சியம் ஆகட்டும், அன்னைக்கு வாறேன்."

பூச்சியம் ஆகவே ஆகாமல் போகலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிலுக்கு, டொக்டர் அம்மாவைப் போல் பிளேன்டீ கேட்டேன். அவள் அம்மா ஆறு கோப்பைக்கு லயத்தில் நாலு காம்பரா ஏறி இறங்கினாள். ஊற்றிக் காட்டினேன். நான்கைக் குறிக்கும் மூன்றாவது கோப்பை வரைக்கும் சாயம் நன்றாகவே தெரிந்தது.

செல்வராணி குனிந்து பார்த்தாள். "நானும் அதத்தானே சொல்றேன் ஐயா. சாயம் இருக்குல்ல? கழுவின கோப்பையில சாயம் ஏது?"

ஆறு கோப்பையையும் கழுவிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் அம்மா என்னை அனுப்பினாள். கழுவியது நான்.

திரும்பும் வழியில் மடுவத்தைத் தாண்டினேன். மாலை நிறுவை நடந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடையாகத் தொங்கவிட்டு, "பதினெட்டு, கழிச்சு பதினாறு... பதினஞ்சு, கழிச்சு பதிமூணு" என்று பாடிக்கொண்டிருந்தார். கூடையின் எடைக்காக ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். கூடைக்கு எடை உண்டு. கொழுந்தைக் கொட்டினாலும் கூடை நிற்கும், அதன் எடையும் நிற்கும். நான் நடுப்பாதையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மாட்டுக்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை றக்வான டவுனுக்குப் போய்ப் புதுக் கூடை வாங்கினேன். யாரிடமாவது இரவல் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். புதுக் கூடையோடு பஸ்ஸில் வந்தபோதும் எல்லாரும் கேட்டார்கள். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை, முதலில் சொன்ன நேரம். செல்வராணி வரிசையில் எட்டாவதாக நின்றாள். நான் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் புகுந்து கூடையைக் கொக்கியில் மாட்டினேன். முள் ஆடி ஒன்றில் நின்றது.

கணக்கப்பிள்ளை முப்பது வருடப் பழக்கத்தில் வாய் திறந்தார். "ஒண்ணு, கழிச்சு..." என்று தொடங்கி அப்படியே நின்றார். விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். "கழிச்சா... ஐயா, நீங்க தோட்டத்துக்கு ஒரு கிலோ கொழுந்து குடுக்கணும்."

நான் அவரைக் கவனிக்கவில்லை. செல்வராணியிடம் மெதுவாகச் சொன்னேன். "பாரும்மா. உள்ள ஒரு கொழுந்து இல்ல. முள்ளு ஒண்ணுல நிக்குது."

அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"கூடை இருக்கிற வரைக்கும் நிக்கும். கொழுந்து போட்டாத்தான் ஏறும்."

"அப்ப எனக்கு?" என்றாள். "எனக்கு ஏன் நிக்கல?" பதிலுக்குக் காத்திராமல், இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, என் கூடையை இறக்கிவிட்டு அதைக் கொக்கியில் போட்டாள். முள் அசையவே இல்லை. அவள் படங்கையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு சாக்கு. அந்த ஆளுக்குக் கூடை," என்றாள்.

"அவ்வளவுதாம்மா."

"ஏறினா?"

"ஒரு படி ஆடினா அது தராசு ஆடுறது. நாலு பதினாறாச்சுன்னா அவனே வந்து உங்கிட்ட சொல்லணும்னு நான் சத்தியம் வாங்கிட்டேன். அன்னைக்கு நீ போறதுன்னா ஒன் சட்டிய நானே தூக்கிட்டு வாறேன்."

"நீங்க தூக்க மாட்டீங்க ஐயா," என்றாள். "ஒங்களுக்கு முதுகு நோவு. லயத்துக்கே தெரியும்." படங்கை மறுபடி கட்டிக்கொண்டாள். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்று மாலை இரண்டு சட்டியும் மேல் லயத்துக்குத் திரும்பிவிட்டன.

நான் நினைத்துப் போன காரியம் அத்தோடு முடிந்தது. நான் நினைக்காத காரியம் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது. மற்ற நாற்பது பெண்களும் முள் ஒன்றில் நின்றதைப் பார்த்திருந்தார்கள்.

"அடியே, வெறுங்கூடை ஒரு கிலோதான்டி."

"நமக்கு ரெண்டு கழிக்கிறானுங்களே."

"ஒரு நாளைக்கு மூணு நிறுவைடி. மூணு கிலோ போகுது."

"எத்தனை வருஷமா?"

கணக்கப்பிள்ளை தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் தொழிற்சங்கத் தலைவர் வந்துவிட்டார். என் கையைப் பிடித்து, "டிஸ்பென்சரய்யா, ஸ்டாஃப்புல ஒருத்தராவது தொழிலாளி பக்கம் வருவாருன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேங்க" என்றார். சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டதில்லை. அடுத்த நாள் யாரும் மலைக்கு ஏறவில்லை. என் மருந்துச்சாலை வாசலில் எனக்கு ஒரு மாலை போட்டார்கள். செவ்வந்தி. எனக்குச் செவ்வந்தி ஒத்துக்கொள்ளாது, பதினேழு தடவை தும்மிக் கண் கலங்கினேன். அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

பெரிய துரை என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார். கோபத்தில் அவர் நல்ல தமிழ் பேசுவார்.

"மடுவத்தில உங்களுக்கு என்ன வேலை?"

"கூடை எடை பார்த்தேன் சேர்."

"ஏன்?"

உண்மையைச் சொன்னால் தர்மலிங்கத்தின் இரத்தம் ஒபிசு முழுக்கச் சிந்தும். பொய் சொல்ல எனக்குப் பயிற்சி போதாது. "மருத்துவக் காரணம் சேர்," என்றேன்.

துரை பேனாவை மூடி வைத்தார். பிறகு முன்னால் சாய்ந்தார். "கூடைக்கு என்ன வியாதி?"

நான் அவருடைய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் அம்மாவிடம் கற்றதில் அது ஒன்றுதான் அங்கே உதவியது.

மூன்றாம் நாள் கூடைக் கழிவை ஒரு கிலோவாகக் குறைத்து வேலைநிறுத்தத்தை முடித்தார்கள். நான்காம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜூலையில் எனக்குச் சேர வேண்டிய வருடாந்தச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது.

தர்மலிங்கம் பிறகு லொறி டிரைவரானான். இன்னும் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் நோய் இல்லை. வருடா வருடம் இரத்தம் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற வருடத்திலும் அவன் எண் நான்குதான். கடைசி முடிவைக் கொடுத்தபோது செல்வராணியும் கூட வந்திருந்தாள். "கூடை அப்படியே இருக்குங்களா?" என்று கேட்டாள். அப்படியே இருக்கிறது என்றேன். தர்மலிங்கத்துக்கு எதைப் பற்றிப் பேச்சு என்று புரியவில்லை. அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை.

தம்பி அந்த மூன்று கேள்விக்கும் பதிலை நேற்று எடுத்துச் சொன்னான். பொசிட்டிவ் என்று வந்தது டி.பி.எச்.ஏ. தழும்பு. வி.டி.ஆர்.எல். பதினாறிலிருந்து இரண்டுக்கு இறங்கி ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறது. ஊசி வேண்டாம், அந்த இரண்டு முடிவையும் தேதியோடு கிளினிக்குக்கு அனுப்பி டொக்டரிடம் கேட்டுக்கொள் என்றேன். "ஏனுங்க ஐயா அந்த ரெண்டு போகல?" என்றான். வீட்டுக்கு வா, கூடையைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம், அவன் வரும் அன்று கொட்டிவைக்க வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. கூடை நூற்று நாற்பத்தைந்து ரூபாய். றக்வானவுக்குப் போய்வர பஸ் பதினான்கு ரூபாய். நின்றுபோன சம்பள உயர்வு மாதம் அறுபது ரூபாய். அது பிறகு எந்த வருடமும் திரும்பிச் சேரவில்லை, ஆகவே 1997 ஜூலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற 2009 ஜூன் வரை நூற்று நாற்பத்து நான்கு மாதத்துக்கு எண்ணாயிரத்து அறுநூற்று நாற்பது. கணக்கப்பிள்ளை சொன்ன அந்த ஒரு கிலோ கொழுந்தை நான் இன்னும் தோட்டத்துக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லை, அதனால் சேர்க்கவில்லை. மொத்தம் எண்ணாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.